பத்து ரூபாய் நூடுல்ஸை ருசி பார்க்கும் முறை

முதல் தடவை வாங்கும் எந்த நூடுல்ஸிலும் வெங்காயம், தக்காளி, முட்டை என்று எதையும் சேர்க்காதீர்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதற்கு அடுத்தபடிதான். கடைக்குப் புது வகை ஒன்று வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நான்கு சின்ன வெங்காயத்தை உரித்து, ஒரு தக்காளியை அரிந்து, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, கண்திட்டமாகத் தண்ணீர் விட்டு இறக்குகிறார்கள். "பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். நன்றாக இருந்தது வெங்காயமும் தக்காளியும். நூடுல்ஸ் எப்படி இருந்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அடுத்த வாரமே அதே வகையில் பெரிய பொட்டலம் வாங்கி வந்து அட்டாலியில் ஏற்றிவிடுவார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே பழகிய முறைதான் அடுப்படியிலும் கைக்கு வருகிறது. இரண்டு துண்டை ஒரே வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தையலைப் பார்க்கும்போது தையல், நிறத்தைப் பார்க்கும்போது நிறம். இரண்டையும் ஒரே பார்வையில் முடிக்க நினைத்தால் இரண்டிலும் குறை தப்பிவிடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கடைக்குப் போவேன். ஞாயிறு மாலை வீட்டில் சோதனை. நடுவர்கள் என் மகன், மகள், கோபியிலிருந்து வந்திருந்தால் அவர்களுடைய அப்புச்சி, அதாவது என் அப்பா. என் வீட்டுக்காரர் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார். பாராட்டத் தக்க குணம்தான், நடுவர் வேலைக்கு ஆகாது.

வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். மலிவு என்று நான் சொல்வது ஐந்து ரூபாய்ச் சரத்தில் தொங்குவதிலிருந்து பதினைந்து ரூபாய் வரைக்கும். திருப்பூரில் இதற்கு வசதி அதிகம். ஒடிசா, பீகார், அசாம், நேபாளம் என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்து மளிகைக் கடைகளில், கடுகெண்ணெய் பாட்டிலுக்கும் சத்துமாவுக்கும் நடுவே, பெரிய கடைகளில் காணக் கிடைக்காத வகைகளெல்லாம் இருக்கும். நேபாளத்து வாய் வாய் நூடுல்ஸை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு கடையில்தான். ஊத்துக்குளி, பெருந்துறை பக்கம் இருப்பவர்களும் தொழிற்சாலையை ஒட்டிய கடைகளில் தேடலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. கடை முகப்பில் வெயில் படும் இடத்தில் தொங்குகிற சரத்தை வாங்காதீர்கள். இந்த நூடுல்ஸ் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தது. வெயிலும் வெளிச்சமும் பட்டால் அந்த எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். மசாலாவை எவ்வளவு கொட்டினாலும் அது மறையாது. கடைக்காரரிடம், "அண்ணா, உள்ளே இருக்கிற பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பார். அடுத்து, தயாரித்த தேதி. பல வகைகளுக்கு எட்டு ஒன்பது மாதம் கெடு போட்டிருப்பார்கள். ஆனால் தயாரித்து இரண்டு மாதமானதையும் ஏழு மாதமானதையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தவர்கள் கெடுவை மட்டும் நம்ப மாட்டார்கள். ஒப்பிடுவதற்கு வாங்கும் வகைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதில் இருக்கட்டும்.

விலையைப் பார்ப்பதைவிட எடையைப் பாருங்கள். விலை ஏறினால் நமக்குத் தெரியும், எடை குறைந்தால் தெரியாது என்பது கம்பெனிகளுக்குத் தெரியும். ஒரு கிராமுக்கு இத்தனை காசு என்று பொட்டலத்திலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்து ஒப்பிட்டால் சில சமயம் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் பன்னிரண்டு ரூபாய்ப் பொட்டலத்தைவிட விலை கூடியதாக இருக்கும். ஒரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ 1958 ஆகஸ்டில் முதல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 35 யென். கடையில் சாதாரண உடோன் நூடுல்ஸ் ஆறு யென்னுக்குக் கிடைத்ததாம். ஏழைப் பண்டமாக நாம் நினைப்பது பணக்காரப் பண்டமாகத்தான் பிறந்தது.

சைவக் குறியையும் பாருங்கள். "சிக்கன் சுவை" என்று போட்டிருப்பதில் பச்சைக் குறியும் இருக்கலாம், அசைவக் குறியும் இருக்கலாம். புரட்டாசியில் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு அப்புறம் வீட்டில் பெரியவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு வகைக்கு இரண்டு பொட்டலம் வாங்குங்கள். ஒன்று பிரித்து ஆராய, மற்றது பொட்டலத்தில் சொன்னபடி சமைக்க. ஒரு மாலையில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். நான்காவதற்கு வரும்போது நாக்கில் உப்பைத் தவிர வேறு எதுவும் நிற்காது.

இனித் தண்ணீர். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 70 கிராம் நூடுல்ஸுக்கு 200 மில்லியை ஒட்டித்தான் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஐம்பது மில்லி கூடினாலே அதே மசாலா சப்பென்று ஆகிவிடும், குறைந்தால் உப்புக் கரிக்கும். பிறகு "இந்த வகை உப்பு, அந்த வகை சப்பு" என்று நாம் சொல்வதெல்லாம் டம்ளரைப் பற்றிய கருத்தாகத்தான் இருக்கும். இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பி போதும்; பொறுமை இருந்தால் அதிலேயே அளந்துவிடலாம். 180 மில்லி அளவுள்ள பாட்டில் எது என்று சில வீடுகளில் கேட்காமலே எடுத்துத் தருவார்கள், அதுவும் ஆகும்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். நம் பக்கத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு இரண்டு குழாய் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் பொட்டலத்து உப்போடு அதுவும் சேர்ந்து ஒரு கடுப்பு வரும். குடிக்கிற தண்ணீரிலேயே எல்லா வகைகளையும் செய்யுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர்க்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் பொட்டலத்தைப் பிரித்ததும் சமைக்க ஓடாதீர்கள். ஓர் இழையை ஒடித்து, ஒடிந்த முனையைக் கைப்பேசி விளக்கில் பாருங்கள். பொரித்த நூடுல்ஸாக இருந்தால் உள்ளே ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். மாவை இழையாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, பிறகு 140 முதல் 160 டிகிரி சூட்டிலுள்ள எண்ணெயில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுக்கிறார்கள். உள்ளிருந்த ஈரம் ஆவியாகப் பாய்ந்து வெளியேறிய வழிதான் அந்தத் துளைகள். அவற்றின் வழியாகத்தான் நம் வீட்டுக் கொதிநீர் திரும்ப உள்ளே போகிறது. இரண்டு நிமிடத்தில் வேகிறது என்று சொல்கிறார்களே, உண்மையில் அது ஏற்கெனவே வெந்தது, நாம் நனைக்க மட்டும் செய்கிறோம். காற்றில் உலர்த்திய வகையை ஒடித்தால் முனை வழவழப்பாக, கண்ணாடித்தனமாக இருக்கும். அதில் எண்ணெய் குறைவு, வேக நேரம் அதிகம். இரண்டையும் ஒரே நேரம் வேகவைத்து ஒப்பிட்டால் உலர்த்திய வகைக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

அந்த இழையை அப்படியே வாயில் போட்டு மெல்லுங்கள். நல்ல சரக்காக இருந்தால் முதலில் மொறுமொறுப்பு, பிறகு இலேசான உப்பு, கடைசியில் கோதுமையின் தித்திப்பு வரும். எண்ணெய் பழையதாக இருந்தால் விழுங்கிய பின் தொண்டையில் ஒரு காறல் நிற்கும். இந்த இடத்திலேயே அந்த வகையைக் கழித்துவிடலாம், அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம். வாய் வாய் நூடுல்ஸ் இதில் தனி ரகம்: இழையிலேயே மசாலா ஏற்றிப் பழுப்பு நிறத்தில் இருக்கும், வேகவைக்காமலே தின்னலாம். அதன் பொட்டலத்தில் தூள், எண்ணெய், மிளகாய்த் தூள் என்று மூன்று சிறு பைகள் தனித்தனியாக இருக்கும். என் மகளைக் கேட்டால் நூடுல்ஸ் என்பதே அதுதான், மற்றவையெல்லாம் ஈரமாகிப்போனவை.

அடுத்து, வில்லையில் கால் பங்கை ஒடித்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மசாலா இல்லாமல் இரண்டு நிமிடம் வேகவிட்டு வடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென்றே அனுப்பர்பாளையத்தில் வாங்கிய ஒரு சிறிய போசி இருக்கிறது. எந்தப் பாத்திரமானாலும் சரி, எல்லா வகைக்கும் அதே பாத்திரம், அதே அடுப்பு, அதே தீ. வடித்த தண்ணீர் பால் நிறத்தில் கலங்கி இருந்தால் இழை மாவைக் கக்குகிறது என்று பொருள். அந்த வகை கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். இழையைப் பல்லால் கடிக்கும்போது நடுவில் ஒரு சிறு எதிர்ப்பு இருக்க வேண்டும். அந்த எதிர்ப்புக்காகத்தான் மாவில் பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட் என்ற கார உப்புகளைச் சேர்க்கிறார்கள். பொட்டலத்தில் 501, 500 என்ற எண்களாக இருப்பவை அவைதான். இழைக்கு வரும் இலேசான மஞ்சள் நிறத்துக்கும் இவற்றுக்குப் பங்குண்டு.

மசாலா இல்லாத இந்த இழையை என் அப்பாவிடம் கொடுத்தபோது அவர் மென்றுவிட்டு, "கண்ணு, சந்தகையைச் சும்மா தின்றாலும் அரிசி ருசி தெரியும். இதில் எண்ணெய்தானே தெரிகிறது?" என்று கேட்டார். அது ஓர் ஐந்து ரூபாய் வகை. அவர் கேட்டது சரியான கேள்வி. சந்தகைக்குப் புழுங்கலரிசி மாவை ஆட்டி, இட்லியாக அவித்து, சூடு ஆறுவதற்குள் சந்தகைப் பலகையில் வைத்துப் பிழிகிறோம். நூடுல்ஸை இழையாக்கிய பிறகு அவிக்கிறார்கள். வேலையின் வரிசைதான் மாறுகிறது. தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பே சந்தகைக்கு ஒரு ருசி இருக்கிறது. அப்படி ஏதாவது ஒரு ருசி இழைக்கும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. இருக்கும் வகைகளும் உண்டு, பத்து ரூபாயிலேயே.

வடித்த இழையில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் அப்படியே விட்டுவைத்துப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஊதிப் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா, பிரிகிறதா? பிள்ளைகள் கூப்பிட்டவுடன் வந்து உட்காரும் வீடாக இருந்தால் இது தேவையில்லை. எங்கள் வீட்டில் தேவை.

மசாலாத் தூளுக்கு வருவோம். பையைப் பிரிக்கும் முன் விரலால் நசுக்கிப் பாருங்கள். கட்டியாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பிறகு கால் பங்கு தூளை 50 மில்லி வெந்நீரில் கரைத்து ஒரு தேக்கரண்டி குடித்துப் பாருங்கள். பொட்டலத்தில் சொன்ன அதே அடர்த்திதான் இது. இழையும் எண்ணெயும் மறைக்காததால் பொடியின் குணம் அப்பட்டமாகத் தெரியும். முதலில் எது வருகிறது, கடைசியில் எது நிற்கிறது என்று இரண்டே கேள்வி. நல்ல பொடியில் முதலில் உப்போ புளிப்போ வந்தாலும் கடைசியில் மல்லி, சீரகம், பூண்டு என்று அடையாளம் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று நிற்கும். சுமாரான பொடியில் கடைசி வரைக்கும் உப்பும் சர்க்கரையும் மட்டும்தான்.

சேர்மானப் பட்டியலையும் இந்த நேரத்தில் வாசியுங்கள். எடை அதிகமுள்ளது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. மசாலாவுக்கான பட்டியலில் உப்புக்கும் சர்க்கரைக்கும் முன்னால் வெங்காயப் பொடியோ மல்லியோ இருந்தால் அந்த வகைமீது எனக்கு ஒரு மரியாதை வரும். 627, 631, 635, 621 என்ற எண்கள் சுவைகூட்டிகள். கடைசியாகச் சொன்ன 621தான் எல்லாரும் பயப்படும் மோனோசோடியம் குளூட்டமேட். தக்காளியிலும் காளானிலும் இயற்கையாக இருக்கும் குளூட்டமேட்டின் உப்பு அது. 2015 ஜூனில் மேகியைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னபோது அடிபட்ட இரண்டு பெயர்கள் ஈயமும் இதுவும். பம்பாய் உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் அந்தத் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி திரும்பக் கடைக்கு வந்தது. அந்த ஐந்து மாதத்தில்தான் பல வீடுகள் மற்ற வகைகளை முதல்முறையாக ருசி பார்த்தன. 1983-இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து நூடுல்ஸ் என்றாலே மேகி என்று இருந்துவிட்டோம். 2010-இல் வட்ட வில்லையாக யிப்பீ வந்தபோதும் அந்தப் பழக்கம் முழுதாக விடவில்லை.

நான் கவலைப்படுவது 621-ஐப் பற்றி அல்ல, உப்பைப் பற்றித்தான். சோடியம் எவ்வளவு என்று பொட்டலத்தின் பின்புறம் இருக்கும், ஆனால் பெரும்பாலும் 100 கிராமுக்குக் கணக்கு. 1200 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 70 கிராம் பொட்டலத்துக்கு 840. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு; அதனால் அவருக்கு ருசி பார்க்க இரண்டு வாய்தான், மிச்சம் பிள்ளைகளுக்கு.

இப்போது இரண்டாவது பொட்டலம். அதில் சொன்ன அளவு, சொன்ன நேரம், சொன்ன வரிசை. தூளை முதலில் போடச் சொன்னால் முதலில், கடைசியில் என்றால் கடைசியில். மூடச் சொல்லவில்லை என்றால் மூடாதீர்கள். மூன்று வகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, ஒரே மாதிரிக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். எது எந்த வகை என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. விளம்பரத்தில் பார்த்த பெயர் காதில் விழுந்தால் அந்தக் கிண்ணத்துக்குத்தான் முதல் மதிப்பெண். துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் எண் எழுதிக் கிண்ணத்தின் அடியில் ஒட்டுவேன். ருசி பார்க்கும்போது பேச்சு கூடாது, தாளில் எழுத வேண்டும். ஒருவர் "ஐயே" என்றால் போதும், அடுத்தவருக்கும் அது ஐயேதான்.

உறைப்பு குறைந்ததை முதலில், கூடியதைக் கடைசியில் வையுங்கள். இந்த வரிசையை மாற்றினால் மாலையே வீண். நடுநடுவே தண்ணீர் குடிப்பது பலன் தராது, மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை. மோர் குடியுங்கள், பாலில் இருக்கும் புரதம் காரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். நாக்கைத் துடைக்க ஒரு பிடி பொரி. இப்போது எல்லாக் கம்பெனியும் கொரியன் சுவை என்று சிவப்புப் பொட்டலத்தில் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டன. மலிவான வகைகளில் அது பெரும்பாலும் சர்க்கரையும் மிளகாயும் பூண்டும்தான். அசல் கொரியாவிலிருந்து வரும் சம்யாங் விலை அதிகம், காரமும் வேறு. 2024-இல் டென்மார்க் நாட்டில் அந்தக் கம்பெனியின் சில வகைகளைக் காரம் மிகுதி என்று சொல்லித் திரும்பப் பெறச் சொன்னார்கள். செய்தியைப் படித்த என் மகன் அதற்கு மறுநாளே அதை வாங்கித் தரச் சொல்லி நின்றான்.

கிண்ணம் காலியானதும் கழுவப் போடாதீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு அடியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வளையம் கட்டியிருக்கும். மார்கழிக் காலையானால் வெள்ளையாக உறைந்தே இருக்கும். நூடுல்ஸில் மெழுகு பூசுகிறார்கள் என்ற கதை இதைப் பார்த்துத்தான் கிளம்பியிருக்க வேண்டும். அது பாமாயில், சூடு குறைந்தால் உறைவது அதன் இயல்பு. வளையம் எவ்வளவு தடிமன் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. சில வகைகளில் விரலால் வழித்தெடுக்கலாம்.

இவ்வளவும் முடிந்து, இழை தேறியது, பொடி தேறவில்லை என்று தெரிந்தால் அந்த வகையைத் தள்ளிவிட வேண்டாம். கொங்கு நாட்டு அடுப்படியில் அதற்கு வழி இருக்கிறது. இழையை மட்டும் ஒன்றரை நிமிடம் வேகவைத்து வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி வையுங்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்குச் செய்யும் அதே தாளிப்பு: நல்லெண்ணெயில் விதை நீக்கிய காய்ந்த மிளகாய், நறுக்காமல் இடித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, மெல்லிசாகச் சீவிய தேங்காய்ச் சில்லு, ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு. வெங்காயம் சுருங்கி எண்ணெய் பிரிந்ததும் இழையைப் போட்டு இரண்டு புரட்டு, அவ்வளவுதான். இழையிலேயே உப்பு இருப்பதால் வழக்கமாகப் போடுவதில் பாதி உப்பு போதும். தேங்காய்ச் சில்லு பல்லில் படுகிற இடத்தில்தான் இந்தப் பண்டம் நிற்கிறது. துருவிப் போட்டால் வேறு ஏதோ ஆகிவிடும்.

பொடி தேறி இழை தேறாவிட்டால் கதை எளிது. பொடியை உருளைக்கிழங்கு வறுவலுக்கு வைத்துக்கொண்டு இழையை மறந்துவிடுங்கள்.

இரண்டும் தேறி, உப்பு மட்டும் கூடுதல் என்றால் தண்ணீருக்குப் பதிலாகக் கொள்ளு வேகவைத்த நீரில் செய்யுங்கள், பொடி பாதி மட்டும். கொள்ளின் கனம் சேர்ந்து, குறைந்த பொடியின் இடத்தை நிரப்பிவிடும். மசாலா சுவைக்கும் கோழிச் சுவைக்கும் இது பொருந்துகிறது. எலுமிச்சை, தக்காளிச் சுவைகளுக்குப் பொருந்தாது. கறிச் சுவை என்று வருகிற வகைகளுக்குக் கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால், அடுப்பை அணைத்த பிறகு. முருங்கைக் கீரை எல்லாவற்றுக்கும் ஆகும். சீஸ் துருவிப் போடுவது பிள்ளைகள் ஆசை. எனக்கு ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு சுண்டைக்காய் அளவு போதும், அதுவும் உறைப்பான வகைக்கு மட்டும். கோயம்புத்தூர் தள்ளுவண்டிக் காளானை மேலே கொட்டித் தின்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது நூடுல்ஸை ருசி பார்ப்பது ஆகாது, காளானைக் கொண்டாடுவது.

குறிப்பேட்டில் நான் எழுதி வைப்பது கொஞ்சம்தான்: வகை, தயாரித்த மாதம், கிராமுக்கு எத்தனை காசு, இழைக்கு ஒரு சொல், பொடிக்கு ஒரு சொல், மறுபடி வாங்கலாமா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய வகையையும் புதிதாக வாங்கிச் சோதித்துவிடுங்கள். பெயரும் பொட்டலமும் மாறாமல் எடையும் சேர்மான வரிசையும் மாறியிருக்கும். பழைய பொட்டலத்தின் பின்புறத்தை வெட்டி ஏட்டில் ஒட்டி வைத்திருந்தால் வரிக்கு வரி ஒப்பிடலாம்.

சோதனையில் மிஞ்சுகிற உடைசலையும் முக்கால் பங்கு பொடியையும் எறிய வேண்டாம். உடைசலை எண்ணெய் விடாத வாணலியில் ஒரு நிமிடம் வறுத்து ஆறவைத்து, பொரி, வேர்க்கடலை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், துருவிய கேரட், அரை எலுமிச்சை, ஒரு சிட்டிகை மசாலாப் பொடி சேர்த்துப் பிசறினால் திங்கட்கிழமை டீ நேரத்துக்குக் கம்பெனிக்கு எடுத்துப்போகலாம். எலுமிச்சையையும் வெங்காயத்தையும் மட்டும் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே கலந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பத்து மணிக்குள் நமுத்துவிடும்.